ஊரார் பணத்திற்குக் கணக்கு

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவில், திருவரங்கத்திற்குக் கிழக்கே அமைந்த ஊர் திருவானைக்காவல். அங்குள்ள சம்புகேசுவரர் கோயிலின் வெளிமதிலைத் 'திருநீற்றான் மதில்' என்று ஊரார் வழங்குகின்றனர். அம்மதிலைக் கட்டிய தொழிலாளருக்குச் சித்தர் ஒருவர் கூலியாகத் திருநீற்றை அள்ளிக் கொடுத்தார் என்றும், அது அவரவர் உழைப்பின் அளவுக்கு ஏற்பப் பொன்னாக மாறியது என்றும், சித்தராக வந்தவர் சிவபெருமானே என்றும் தலபுராணச் செய்தி கூறும். பிற சமயத்தாரின் கதையாயிற்றே என்று நாம் இதனைக் கடந்துபோக வேண்டியதில்லை. மதிலின் உயரத்தையும் நீளத்தையும் பாடுவதோடு நில்லாமல், கூலி சரியாக அளக்கப்பட்டதா என்பதையும் நினைவில் வைத்துக்கொண்ட மக்களின் கதை இது.

இக்கதை தலைகீழாக நிகழ்ந்த நாள்களும் நம் நாட்டு வரலாற்றில் உண்டு. உழைத்துச் சேர்த்த பொன், நம்பி ஒப்படைத்த இடத்தில் நீறாய்ப் போன நாள்கள் அவை. அப்படி நீறாக்கியவர்கள் கன்னக்கோல் வைத்த திருடர்கள் அல்லர். பட்டமும் பதவியும் நற்பெயரும் உடைய பெரியோர்கள். அவர்களிடம் கணக்குக் கேட்கச் சட்டம் எப்படிக் கற்றுக்கொண்டது, எத்தனை காலம் எடுத்துக்கொண்டது என்பதையே இங்கு நாம் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

கணக்குக் கேட்பது மேனாட்டார் வந்து நமக்குக் கற்றுத்தந்த பழக்கம் என்று சொல்வாருண்டு. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் படித்தோர் அவ்வாறு சொல்லார். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மீண்டும் அப்பொறுப்புக்கு வர இயலாது. அவர் மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவினரும் வர இயலாது. உறவினரையும் சேர்த்து விலக்கியது கடுமை என்று இன்று தோன்றலாம். ஆயினும் ஊர்ப்பணம் எந்த வழியாகக் கசியும் என்பதை அந்த ஊரார் நன்கு அறிந்திருந்தனர் என்றே நமக்குப் படுகிறது.

இனி, சென்னை மாகாணத்தை உலுக்கிய நிகழ்ச்சிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சென்னையில் கோலோச்சிய ஆங்கிலேய வணிக நிறுவனங்களுள் பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகிய மூன்றும் முதன்மையானவை. இவற்றுள் அர்பத்நாட் கம்பெனி வணிகத்தோடு வங்கித் தொழிலும் நடத்தியது. மற்ற இடங்களைவிட நல்ல வட்டி தந்தது. ஓய்வுபெற்ற அலுவலர்கள், கைம்பெண்கள், வழக்கறிஞர்கள், சிறு நிலக்கிழார்கள் என மாகாணமெங்குமிருந்து பல்லாயிரவர் தம் சேமிப்பை அங்கே போட்டு வைத்தனர். அவர்களுக்கு உத்தரவாதமாக இருந்தது எந்தச் சட்டமும் அன்று. வெள்ளைக்காரன் கம்பெனி என்ற பெயரும், அதன் தலைமைப் பங்காளியான ஜார்ஜ் அர்பத்நாட்டின் பெயருக்கு முன்னால் நின்ற 'சர்' என்ற பட்டமுமே.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அந்தக் கம்பெனி கதவை அடைத்தது. இரண்டொரு நாள்களுக்கு முன்னர், அதன் லண்டன் வணிகத்தைக் கவனித்துவந்த பங்காளி மக்ஃபேடியன், அந்நகரின் சுரங்க இரயிலின் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம், கடல் கடந்து சூதாட்டம் போன்ற முதலீடுகளில் கரைந்து போயிருந்தது பின்னர் வெளிப்பட்டது. நிலைமை மோசமென்று உள்ளே இருந்தோர் அறிந்த பின்னரும் வெளியே வைப்புத் தொகைகள் வாங்கப்பட்டு வந்தன என்பதே இவ்வகை வழக்குகளின் நெஞ்சு. பணம் நட்டமாவது குற்றமன்று. எந்த வணிகத்திலும் அது நேரக்கூடியதே. நட்டத்தை மறைத்து, மறுநாள் வந்து நிற்கும் கைம்பெண்ணின் பணத்தையும் புன்னகையோடு வாங்கிப் பெட்டியில் இடுவதுதான் குற்றம்.

மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் கடன் கொடுத்தோர் சார்பில் போராட முன்வந்தார். 1907இல் சர் ஜார்ஜ் அர்பத்நாட் குற்றவாளி எனத் தீர்ப்பாகிப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஆங்கிலேய ஆட்சி உச்சத்தில் இருந்த நாளில், சென்னைச் சமூகத்தின் முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு வெள்ளைப் பெருவணிகர் சிறைக்குச் சென்றது சாதாரணச் செய்தியன்று. அதே வேளையில், பசிக்குத் திருடிய ஏழைக்கும் அக்காலத்து நீதிமன்றங்கள் பதினெட்டு மாதம் கொடுப்பது உண்டு என்பதையும் நாம் மறக்கலாகாது. தண்டனையால் வைப்பாளரின் வாழ்நாள் சேமிப்பு திரும்பி வந்துவிடவும் இல்லை.

அந்த வீழ்ச்சியிலிருந்து ஒரு நன்மையும் பிறந்தது. நம்மவர் பணத்தை நம்மவரே காக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கிருஷ்ணசாமி ஐயரும் பிறரும் முயன்று, 1907 மார்ச்சில் இந்தியன் வங்கியைப் பதிவு செய்தனர். அது ஆகஸ்டு 15ஆம் நாள் தொழில் தொடங்கியது. (இடையே ஒரு செய்தி. அதே 1907ஆம் ஆண்டில்தான், திருவானைக்காவலில் பிறந்த இளைஞர் ஒருவர் கல்கத்தாவில் அரசின் உதவிக் கணக்காயராகப் பணியேற்றார். பத்தாண்டுக் காலம் அரசுக் கணக்குகளைச் சரிபார்த்துக்கொண்டே மாலை வேளைகளில் ஒலியையும் ஒளியையும் ஆராய்ந்த அவரே சர் சி.வி. இராமன்.)

இங்கே சட்டத்தின் ஒரு வியப்பான அமைப்பைச் சொல்ல வேண்டும். 2024 வரை நடைமுறையில் இருந்த 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 409ஆம் பிரிவு நம்பிக்கை மோசடியைப் பற்றியதாக இருந்தது. ஒப்படைக்கப்பட்ட பொருளை அபகரிக்கும் பொது ஊழியர், வங்கியாளர், வணிகர், முகவர் ஆகியோருக்கு ஆயுள் தண்டனை வரை அது விதித்தது. அரசு அலுவலரையும் வங்கியாளரையும் ஒரே பிரிவில், ஒரே தண்டனையின் கீழ், அருகருகே அது நிறுத்தியது. பிறர் பொருளைக் காக்கும் பொறுப்பில் இருவரும் ஒரே வகையினர் என்ற தெளிவு அதில் இருந்தது. பின்னாளில் ஊழலுக்கென்றே தனிச் சட்டம் வந்தபோது இந்தத் தெளிவு மங்கிவிட்டது. அது எப்படி என்பதைப் பின்னர்க் காண்போம்.

இவ்வகைக் குற்றத்திற்கு ஒரு பெயரும் இல்லாதிருந்தது. 1939இல் அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாந்து, உயர்ந்த நிலையில் உள்ளோர் தம் தொழிலின் வழியாகவே செய்யும் குற்றத்தைத் தனியே பிரித்துக் காட்டி, அதற்கு 'வெள்ளைக் காலர் குற்றம்' என்று பெயரிட்டார். குற்றத்திற்கு வறுமையே காரணம் என்று பாடம் நடத்தியோருக்கு அது கசப்பாக இருந்தது. 1949இல் அவருடைய நூல் வெளிவந்தபோது, குற்றம் செய்த கம்பெனிகளின் பெயர்களை நீக்கிய பின்னரே பதிப்பாளர் அச்சிட்டனர்; பெயர்களோடு கூடிய முழுப்பதிப்பு வெளிவர 1983 ஆயிற்று. எளியவனின் பெயர் மறுநாளே செய்தித்தாளில் வரும். பெரியவரின் பெயர் அச்சேற முப்பத்து நான்கு ஆண்டுகள்!

தண்டிக்கும் அதிகாரத்தையே ஆயுதமாக்கிய கதையும் உண்டு. 1937இல் இரு வங்கிகளை இணைத்து உருவான திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி, மறு ஆண்டே வீழ்ந்தது. அதனை நடத்திய சி.பி. மாத்தனும், கே.சி. மாம்மன் மாப்பிள்ளையும் கைதாகித் திருவாங்கூர்ச் சிறையில் அடைக்கப்பட்டனர். திவான் சி.பி. இராமசாமி ஐயருக்கும் அவர்களுக்கும் இருந்த அரசியல் பகையை நாடறியும். மாம்மன் மாப்பிள்ளையின் மலையாள மனோரமா இதழும் அதே 1938இல் பூட்டப்பட்டது. வைப்பாளரின் கண்ணீர் உண்மை. ஆனால் அக்கண்ணீரைத் துடைக்கவா அந்த வழக்கு நடந்தது என்ற ஐயம் இன்றுவரை தீரவில்லை. பெரியோரைத் தண்டிக்க வேண்டும் என்று முழங்குவோர் இதனையும் நினைவிற்கொள்வது நலம். யார்மீது வழக்கு என்பதை ஆள்வோரின் விருப்பு வெறுப்பு முடிவு செய்யுமானால், அது வேறொரு வகை ஊழலாகிவிடும்.

பாலா சென்ட்ரல் வங்கியின் கதை நம் சமூகத்தைத் தொட்டது. 1927இல் பாலாவில் தொடங்கிய அந்த வங்கியை, 1960 ஆகஸ்டு 8ஆம் நாள் ரிசர்வ் வங்கி கேரள உயர்நீதிமன்றத்திற்குச் சென்று மூட வைத்தது. அதில் பணம் போட்டிருந்தோரில் கத்தோலிக்கக் குடும்பங்களும் விவசாயிகளும் மிகுதி. ரிசர்வ் வங்கி அவசரப்பட்டது என்று சினந்தோர் பலர். 1962இல் உச்சநீதிமன்றம் அந்நடவடிக்கையைச் சரியென்றது. அந்தச் சர்ச்சைக்குள் நாம் புகவில்லை. நம்மை உறுத்துவது வேறு. நம்மவர் நடத்துகிறார், நாம் அறிந்த குடும்பம், கோயிலில் முன்வரிசையில் நிற்பவர் என்ற காரணத்தாலேயே கணக்குக் கேட்கக் கூச்சப்படும் வழக்கம் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. நம்மிடையே சற்று அதிகம் உண்டு. 'தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான்' என்று சொல்லிச் சிரித்துவிடுகிறோம். புறங்கை அளவில் தொடங்கியதுதான் பின்னர்க் குடத்தையே காலியாக்குகிறது. பாலா வங்கியின் வீழ்ச்சிக்குப் பின், 1962 சனவரி முதல் வைப்புத் தொகைக்குக் காப்பீடு வந்தது. தொடக்கத்தில் ஓர் ஆளுக்கு 1,500 ரூபாய் வரை. 2020 முதல் ஐந்து இலட்சம் ரூபாய் வரை.

இனி ஊழல் தடுப்புச் சட்டத்திற்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒப்பந்தங்களிலும் பங்கீட்டிலும் பெருகிய கையூட்டைக் கண்டு, 1947இல் அச்சட்டம் இயற்றப்பட்டது. தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமையில் 1962இல் அமைந்த குழு 1964இல் அறிக்கை அளித்தது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் அதன் பயனே. இச்சட்டத்தின் அச்சாணி 'பொது ஊழியர்' என்ற சொல். ஒருவர் பொது ஊழியர் என்றால் அவர் சிறப்பு நீதிமன்றத்தில் விடை சொல்ல வேண்டும். வருவாய்க்கு மிஞ்சிய சொத்து எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். கையூட்டு வாங்கியது மெய்ப்பிக்கப்பட்டால், அது வேறு நோக்கத்தில் பெற்றது என்று நிறுவும் சுமை அவர் தோள்மீதே விழும். பொது ஊழியர் அல்லர் என்றால் இவையெல்லாம் இல்லை. ஆகவே பெரிய வழக்குகளில் முதற்போராட்டம், பணம் எங்கே என்பதைப் பற்றியதாக இராமல், நான் பொது ஊழியனே அல்லன் என்ற வாதமாகவே அமைந்தது. சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த கே. வீராசாமி மீது 1976இல் பதிவான வழக்கில், நீதிபதியும் பொது ஊழியரே என்று உச்சநீதிமன்றம் சொல்ல 1991 ஆயிற்று. அச்சொல்லின் பொருளை நிலைநாட்டவே பதினைந்து ஆண்டுகள் கழிந்தன.

வங்கியாளர் பொது ஊழியரா? 1956இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 46ஏ என்ற பிரிவைச் சேர்த்து, வங்கியின் தலைவர், இயக்குநர் முதலியோரும் தண்டனைச் சட்டத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தைப் பொறுத்தவரை பொது ஊழியராகவே கருதப்படுவர் என்று நாடாளுமன்றம் விதித்தது. கையூட்டுக் குற்றங்கள் அந்த அத்தியாயத்தில் இருந்தன. 1969இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாயின. அவற்றுள் இந்தியன் வங்கியும் ஒன்று. அவ்வங்கிகளின் அலுவலரைப் பற்றி ஐயமே எழவில்லை. 1995-96ஆம் நிதியாண்டில் இந்தியன் வங்கி 1,336 கோடி ரூபாய் நட்டம் காட்டி நாட்டையே திடுக்கிட வைத்தபோது, அதன் முன்னாள் தலைவர் மீது மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குகள் தொடுக்க இயன்றது. அர்பத்நாட்டின் சாம்பலிலிருந்து எழுந்த வங்கிக்கா இந்தக் கதி என்று வரலாறு அறிந்தோர் வருந்தினர்.

தனியார் வங்கிகளின் நிலை வேறாயிற்று. 1988இல் ஊழல் தடுப்புச் சட்டம் புதிதாக இயற்றப்பட்டபோது, தண்டனைச் சட்டத்தின் ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்த கையூட்டுப் பிரிவுகள் அங்கிருந்து எடுக்கப்பட்டுப் புதிய சட்டத்திற்குள் வைக்கப்பட்டன. ஆனால் 46ஏ பிரிவோ, பழைய அத்தியாயத்தையே சுட்டிக்கொண்டு நின்றது. வீட்டை மாற்றியவர்கள் முகவரியை மாற்றவில்லை. அதன் பின்னரே புதிய தனியார் வங்கிகள் நாடெங்கும் தோன்றின என்பதை எண்ணும்போது, இந்தச் சிறு மறதி எத்தனை பெரியது என்பது விளங்கும். அத்தகைய வங்கிகளுள் ஒன்றான குளோபல் டிரஸ்டு வங்கி 2004இல் வீழ்ந்து, ஓரியண்டல் பேங்க் ஆஃப் காமர்ஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. அதன் தலைவராயிருந்த ரமேஷ் கெல்லி மீதும் மற்றோர் உயர் அலுவலர் மீதும் வழக்கு வந்தபோது, மும்பைச் சிறப்பு நீதிமன்றமும் பின்னர் உயர்நீதிமன்றமும், தனியார் வங்கியினர் பொது ஊழியர் அல்லர் என்று ஊழல் தடுப்புச் சட்டத்தை அவர்கள்மீது செலுத்த மறுத்தன.

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதனை மாற்றியது. நீதிபதிகள் ரஞ்சன் கோகோயும் பிரஃபுல்ல சந்திர பந்தும் தனித்தனியே காரணம் கூறி, தனியார் வங்கியின் தலைவரும் இயக்குநரும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் நோக்கில் பொது ஊழியரே என்று ஒருமித்துத் தீர்த்தனர். குற்றம் நடந்ததா இல்லையா என்பதை அத்தீர்ப்பு சொல்லவில்லை. வழக்கை நடத்தலாம் என்று மட்டுமே சொன்னது. ஊரார் பணத்தை வைத்திருப்பவர் செய்வது பொதுப்பணி என்பதை 1860இன் சட்டம் ஒரே வரியில் கண்டிருந்தது. அதையே மீண்டும் நிலைநாட்ட ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சுற்றிவர வேண்டியிருந்தது. 2018இல் வந்த திருத்தம் கையூட்டுக் கொடுப்போரையும், கொடுக்கும் நிறுவனங்களையும் குற்றவாளியாக்கியது. அதே திருத்தம், பொது ஊழியர் பணியில் எடுத்த முடிவுகளைப் பற்றி விசாரணை தொடங்கவே மேலிடத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என்றும் சொன்னது. நேர்மையான அலுவலர் அஞ்சாமல் முடிவெடுக்க இது தேவை என்பது அரசின் வாதம். அவ்வாதத்தில் பொருள் உண்டு. எனினும் கதவைத் திறக்கும் சாவி உள்ளே இருப்பவர்களிடமே இருந்தால், வெளியே நிற்பவர் எத்தனை நாள் தட்டுவது?

நம் காவிரிக் கரைக்கே திரும்புவோம். கரூர் 1910 முதல் பல பத்தாண்டுகள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர். அங்கே 1926இல் வி.எஸ்.என். இராமலிங்கம் செட்டியார் தலைமையில் ஏழு வணிகர்கள் தொடங்கியது இலட்சுமி விலாஸ் வங்கி. சிறு வணிகரையும் விவசாயிகளையும் நம்பி வளர்ந்த அந்த வங்கி, பின்னாளில் பெரும் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் ஆசையில் வழி மாறியது. ஒரு நிதி நிறுவனம் அதில் வைத்திருந்த எழுநூறு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிரந்தர வைப்பு மோசடியாகக் கையாளப்பட்டது என்ற புகாரின்பேரில் 2019இல் டில்லிக் காவல்துறை வழக்குப் பதிந்தது. 2020 நவம்பர் 17ஆம் நாள், வைப்பாளர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை வந்தது. பத்தே நாளில் வங்கி சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டு, அதன் பெயர் மறைந்தது. வைப்பாளர் பணம் தப்பியது. தலைமுறை தலைமுறையாக அதன் பங்குகளைக் குடும்பச் சொத்துபோல் வைத்திருந்தோருக்குக் கிடைத்தது ஒரு காசும் இல்லை.

வங்கி அல்லாத இடங்களில் பணம் போடுவோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஊழல் தடுப்புச் சட்டம் அங்கே எட்டாது. வைப்புக் காப்பீடும் இல்லை. தொண்ணூறுகளில் கவர்ச்சி வட்டி காட்டிய நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்துச் சரிந்த பின்னர், தமிழக அரசு 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கும் தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. ஏமாற்றியவரின் சொத்தை முடக்கி, விற்று, பணத்தைப் பங்கிட்டுத் தர அது வழி செய்கிறது. சிறையோடு நின்றுவிடாமல், திருப்பிக் கொடுப்பதைச் சட்டத்தின் மையத்தில் வைத்தமையால் இதனை நாம் மற்றவற்றினும் உயர்வாக மதிக்கிறோம். மும்பை உயர்நீதிமன்றம் மகாராஷ்டிரத்தின் இதே வகைச் சட்டத்தைச் செல்லாதென்ற நிலையிலும், தமிழகச் சட்டம் செல்லும் என்று 2011இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2023இல் திருச்சியைச் சேர்ந்த பிரணவ் ஜுவல்லர்ஸ் கிளைகளை மூடியபோது, தங்கச் சேமிப்பென்று பணம் கட்டியவர்கள் இச்சட்டத்தையே நாடினர். ஏறத்தாழ நூறு கோடி ரூபாய் திரட்டப்பட்டதாக அமலாக்கத் துறை கூறியது. குற்றம் உண்டா என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க வரிசையில் நின்றோர் கைகளில் இருந்தவை, மாதத் தவணை குறித்த அட்டைகளும் இரசீதுகளும். அவ்வழக்குக்குரிய சிறப்பு நீதிமன்றம் இருப்பது மதுரையில். அந்த இரசீதுகளைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினால், அங்கு போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும்.